பழைய பந்தயக் கார் கண்காட்சிக்குப் போனதுண்டா? ஓடாத காரைப் பார்க்க அவ்வளவு தூரம் போகலாமா என்று கேட்கிறீர்கள்.

ஓடாத காரா? நான் போன இடத்தில் அதுதான் அபூர்வம்.

இங்கிலாந்தின் தெற்கே, சிசெஸ்டர் ஊருக்குப் பக்கத்தில் குட்வுட் என்று ஒரு பந்தயத் தளம். செப்டம்பர் வந்தால் அங்கே ‘குட்வுட் ரிவைவல்’ மூன்று நாள் நடக்கும். லண்டனில் வேலை பார்த்தபோது நானும் மனைவியும் ஒரு சனிக்கிழமை போய்வந்தோம். இரண்டாம் உலகப் போரில் அது விமானப்படைத் தளம். திடலைச் சுற்றிப் போட்டிருந்த சாலையே 1948இல் பந்தயப் பாதையானது. ஒரு சுற்று சுமார் 3.8 கிலோமீட்டர். (நம் சோழவரத்திலும் போர்க்கால விமான ஓடுதளத்தில்தானே கார் ஓட்டினார்கள்!) கார்களின் வேகம் கூடிக்கொண்டே போனதால் 1966இல் பந்தயங்களை நிறுத்திவிட்டார்கள். 1998இல் மீண்டும் தொடங்கியபோது, அந்த 1966ஐத் தாண்டிய வண்டி எதுவும் பந்தயத்துக்கு இல்லை என்று வைத்துக்கொண்டார்கள்.

பார்க்க வருகிறவர்களும் அந்தக் காலத்து உடையில்தான் வருவார்கள். ஆளாளுக்குத் தொப்பியும் ட்வீட் கோட்டுமாக இருக்க, நானும் ஒரு பழைய துணிக்கடையில் கோட்டு தேடி அலைந்தேன். மனைவிக்கு அந்தக் கவலையே இல்லை. பெட்டியில் இருந்த காஞ்சிபுரம் பருத்திப் புடவையைக் கட்டிக்கொண்டாள். 1950இல் எடுத்த படத்தில் நிற்க வைத்தாலும் யாருக்கும் சந்தேகம் வராது.

உட்கார்ந்து பார்க்கும் மேடைக்கு அப்புறம் போகலாம். காலையிலேயே கார்களைத் தயார் செய்யும் பேடாக்குக்குப் போய்விடுங்கள். இந்தப் பதிலில் நான் சொல்ல வந்ததே இதுதான். ஒவ்வொரு காருக்கு அடியிலும் ஒரு தகரத் தட்டு, அதில் சொட்டுச் சொட்டாக எண்ணெய். கம்பி ஆரம் வைத்த சக்கரத்தின் நடு மறையைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி இறுக்குகிறார்கள். அங்கே எனக்குப் பழக்கமான ஒரு வாசனை வந்தது. எங்கே, எங்கே என்று யோசித்து, கடைசியில் பிடிபட்டது: விளக்கெண்ணெய்! மூக்கைப் பிடித்துப் பாட்டி வாயில் ஊற்றுவாளே, அதே. அந்தக் காலப் பந்தய இன்ஜின்களுக்கு ஆமணக்கு எண்ணெய்தான் நல்ல மசகு, கடும் சூட்டிலும் இரும்பை விட்டு எளிதில் விலகாது. காஸ்ட்ரால் என்ற பெயரே ‘காஸ்டர்’ எண்ணெயிலிருந்து வந்ததுதான். ஆனால் நாளாக ஆகப் பிசினாகிவிடும், அதனால் சாதாரணக் கார்களில் நிலைக்கவில்லை. அந்த வாசனைக்காகவே இன்றும் கொஞ்சம் ஊற்றிக்கொள்கிறவர்கள் உண்டாம்.

போருக்கு முந்தைய இ.ஆர்.ஏ. (இங்கிலிஷ் ரேஸிங் ஆட்டோமொபைல்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம்) பந்தயக் கார் ஒன்றைக் கிளப்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தோம். ஒருவர் மட்டும் உட்காரலாம். ஆறு சிலிண்டர், இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்க ஒரு சூப்பர்சார்ஜர். சாவி போட்டுத் திருப்புகிற சமாசாரமே இல்லை. நாலு பேர் தள்ள, இருமி, புகைந்து, சட்டென்று பிடித்துக்கொண்டது. எரிபொருளில் மெத்தனால், இரண்டு நிமிடத்தில் கண் எரிந்து தண்ணீராகக் கொட்டியது. நெஞ்செலும்பு அதிர்ந்தது என்று எழுதினால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள், ஆனால் அதிர்ந்தது. இந்த வகைக் காரில்தான் சயாம் (இன்றைய தாய்லாந்து) இளவரசர் பீரா 1930களில் ஐரோப்பியர்களை ஜெயித்துக்கொண்டிருந்தார். அவருடைய முதல் இ.ஆர்.ஏ.வை அவரது 21ஆவது பிறந்தநாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் சூலா வாங்கித் தந்தார். அதற்கு ‘ரோமுலஸ்’ என்று பெயரும் வைத்தார்கள். நமக்கு அந்த வயதில் ஒரு ஹீரோ சைக்கிள் கிடைத்தாலே பெரிசு.

பந்தயங்களில் எல்லோரும் காத்திருந்தது டி.டி. (டூரிஸ்ட் டிராஃபி) பந்தயத்துக்கு. அதில் ஓடியவற்றில் ஒன்று ஃபெராரி 250 ஜி.டி.ஓ., மொத்தமே 36தான் செய்தார்கள். 2018இல் ஒன்று 4.84 கோடி டாலருக்கு ஏலம் போனது. அப்பேர்ப்பட்ட காரை ஜாகுவாரோடு உரசுகிற தூரத்தில் வளைவில் வழுக்கவிட்டு ஓட்டுகிறார்கள்! மியூசியத்தில் கயிறு கட்டி வைக்கவேண்டிய பொருளாயிற்றே என்று எனக்குத்தான் பதறியது. ஓட்டுகிறவர் பதறியதாகத் தெரியவில்லை.

மனைவிக்குப் பிடித்தது வேறு. சின்னப் பிள்ளைகள் மிதித்து ஓட்டும் ஆஸ்டின் ஜே40 கார்களுக்கென்று ஒரு பந்தயம். குட்டி வெள்ளை அங்கியில் பிள்ளைகள் ஓடிவந்து காரில் ஏறி மிதிக்க, கூட்டம் ஃபெராரிக்குக் கத்தியதைவிட அதிகமாகக் கத்தியது. நிலக்கரிச் சுரங்கத்தில் நுரையீரல் கெட்டு வேலை இழந்தவர்களுக்குப் பிழைப்பு தர, தெற்கு வேல்ஸில் ஆலை அமைத்துச் செய்த கார்கள் அவை. கார்த் தொழிற்சாலையில் மிஞ்சிய தகட்டுத் துண்டுகள்தான் மூலப்பொருள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கும் ஃபெராரி ஒரு படி கீழேதான்.

போகிறவர்களுக்கு: டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குங்கள். விக்டோரியாவிலிருந்து சிசெஸ்டருக்கு ரயில் இருக்கிறது. காதடைப்பான் மறக்கவேண்டாம், நான் மறந்துவிட்டு, மறுநாள் மதியம்வரை காதுக்குள் ரீங்காரத்தோடு திரிந்தேன்.

இன்னொன்று, புடவை கட்டிப் போனால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். இவளுடைய முந்தானை ஒரு எண்ணெய்த் தட்டில் பட்டுவிட்டது. மூன்று முறை துவைத்தும் கறை போகவில்லை. பீரோவைத் திறந்தால் இப்போதும் லேசாக விளக்கெண்ணெய் வாசம் வருகிறது. தூக்கிப் போடலாமா என்றால் கூடாது என்கிறாள்.