மலைப் பயணம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 42. வரும் அக்டோபரில் நேபாளத்தின் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடைப்பயணம் செல்லவிருக்கிறேன். நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன். இது போதுமா? எவற்றை எடுத்துச் செல்ல வேண்டும்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஓட்டம் நல்ல தொடக்கம்தான். ஆனால் நடை தொடங்கும் ஊரான லுக்லாவிலிருந்து 5,364 மீட்டர் உயரத்திலுள்ள முகாம் வரை கற்படிகளும் ஏற்ற இறக்கங்களும் நிறைந்த பாதை என்பதால், சமதளத்தில் பழகிய கால்கள் அங்கே திணறும். பழனி உங்களுக்குப் பக்கம்தானே! ஆறேழு கிலோ எடையுள்ள பையைச் சுமந்து வாரம் ஒரு முறையாவது படி ஏறுங்கள். இறங்கும்போதும் விஞ்ச், ரோப்கார் பக்கம் போகாமல் நடந்தே இறங்குங்கள். இறக்கத்தில் தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்க வேண்டியிருப்பதால், அதற்குப் பழகாதவர்களை முழங்கால் வலி திரும்பும் வழியில் வாட்டிவிடும்.

எனினும், உயரத்துக்கு உடலைப் பழக்குவதைத் திண்டுக்கல்லில் செய்ய இயலாது. அடிவார முகாமில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதற்கேற்ப மூச்சும் இரத்தமும் மாறுவதற்குப் பல நாட்கள் தேவை. நல்ல உடற்தகுதி உள்ளவருக்கும் இதில் விலக்கில்லை. வேகமாக ஏற முடிகிறது என்பதாலேயே அவர் சிக்கிக்கொள்வதும் உண்டு. 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாட்களுக்கொரு முறை ஒரே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். வழியிலுள்ள நாம்சே பஜாரிலும் (3,440 மீட்டர்) திங்போச்சேயிலும் (4,410 மீட்டர்) அதற்காகவே தங்குகிறார்கள். செலவைக் குறைப்பதாகச் சொல்லி இந்த நாட்களை வெட்டும் பயணத் திட்டத்தை ஏற்காதீர்கள். உயர நோயின் அறிகுறிகளான தலைவலியும் குமட்டலும் இருந்தால் மேலே ஏறக் கூடாது. தள்ளாட்டமோ, மனக்குழப்பமோ, ஓய்விலும் மூச்சுத்திணறலோ தெரிந்தால் நள்ளிரவானாலும் உடனே கீழே இறங்க வேண்டும்.

லுக்லா செல்லும் சிறு விமானங்களில் சுமைக்குக் கடுமையான வரம்பு உண்டு என்பதால், பையை நிரப்பும் ஆசையை விட்டுவிடுங்கள். நமக்கு உகந்த பருத்தி பனியன் வியர்வையில் நனைந்தால் காயாமல் உடலைக் குளிரவைக்கும். செயற்கை இழையோ மெரினோ கம்பளியோ உள்ளே, கம்பளி நடுவே, காற்றும் மழையும் புகாத மேலாடை வெளியே என அடுக்கடுக்காக அணியுங்கள். மாலை நேரத்துக்கு இறகு அடைத்த ஜாக்கெட் தேவை. காலணியைப் பழனிப் படியிலேயே பழக்கிவிடுங்கள். குளிரில் பேட்டரிகள் விரைவில் தீர்ந்துபோகும்; இரவில் உறக்கப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் மெதுவாக ஏற வேண்டிய தேவை இல்லையா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: தேவை உண்டு. அசிட்டசோலமைடு என்னும் அந்த மருந்து மூச்சைத் தூண்டி உடல் பழகுவதை விரைவுபடுத்துமே தவிர, அவசர ஏற்றத்துக்கு ஈடாகாது. உயர நோயைத் தடுப்பதற்காக 125 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரு வேளை கொடுப்பது வழக்கம். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். விரல்கள் மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் கழிவதும் இம்மருந்தின் பொதுவான விளைவுகள்.