விரிசல் மேல் வெல்டிங் அடித்துவிடலாமா?

கேள்வி: ஐம்பது வருடப் பழைய ஸ்டீல் கர்டர் (நீளமான இரும்பு உத்திரம்) பாலம் என் பராமரிப்பில் இருக்கிறது. பக்கத்துக் கர்டரோடு இணைக்கும் குறுக்குச் சட்டங்களைப் பிடித்திருக்கும் செங்குத்துத் தகடு முடிகிற இடத்தில், கர்டரின் நடுச் சுவரான வெப்பில் (web) மெல்லிய துருக்கோடு தெரிகிறது. வெல்டிங் அடித்துப் பெயின்ட் பூசினால் போதும் என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அது விரிசலா, வெறும் பெயின்ட் வெடிப்பா என்பதே இன்னும் தெரியாது. பெயின்டைக் கெமிக்கல் போட்டு எடுங்கள், மணல் அடித்தால் உலோகம் நசுங்கி விரிசலின் வாயே மூடிக்கொள்ளும். அப்புறம் காந்தத்துகள் சோதனை (காந்தமேற்றி இரும்புத்தூள் தூவிப் பார்ப்பது) செய்தால், கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது என்பது தெரியும்.

நீங்கள் சொல்லும் இடம் பழைய பாலங்களில் பேர்போன இடம். கர்டரின் மேலும் கீழும் இருக்கும் அகலப் பட்டைதான் ஃபிளாஞ்ச்; இழுவிசை வாங்கும் ஃபிளாஞ்சில் வெல்டிங் பட்டால் அங்கே விரிசல் வரும் என்று பயந்து, அந்தத் தகட்டை ஃபிளாஞ்சைத் தொடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு நிறுத்திவிடுவார்கள். லாரி போகும்போது ஒரு கர்டர் மற்றதைவிட அதிகம் தாழ, குறுக்குச் சட்டம் இழுக்க, அந்தச் சின்ன இடைவெளியில் இருக்கும் வெப் பக்கவாட்டில் வளைந்து வளைந்து நிமிரும், கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிக்கிற மாதிரிதான். இந்த அசைவை நிறுத்தாமல் வெல்டிங் அடித்தால், புது வெல்டின் ஓரத்திலிருந்தே மறுபடி விரியும்.

சரி, என்ன செய்வது? விரிசல் முனை முழுதாகத் துளைக்குள் விழும்படி 25 மி.மீ. அல்லது அதற்குப் பெரிதாக ட்ரில் போட்டு, துளையின் உள்சுவரைச் சாயம் ஊற்றிப் பாருங்கள். விரிசல் வந்த பக்கத்துக்கு எதிர்ச்சுவரில் கோடு தெரிந்தால் முனை இன்னும் தப்பித்து நிற்கிறது. ஆனால் துளை ஓட்டத்தை நிறுத்துமே தவிர காரணத்தைத் தீர்க்காது, அதனால் தகட்டையும் ஃபிளாஞ்சையும் கெட்டியான ஆங்கிள் (L வடிவ இரும்பு) வைத்து உயர்வலிமை போல்ட்டால் இறுக்க வேண்டும்.

விரிசல் ஃபிளாஞ்சுக்குள் போயிருந்தால் கதையே வேறு, உடனே போக்குவரத்தை நிறுத்திவிட்டு வடிவமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அமெரிக்காவில் மெம்ஃபிஸ் பக்கம் மிசிசிப்பி ஆற்றுப் பாலம் ஒன்றை 2021 மே மாதம் விரிசலுக்காக மூடினார்கள். அதே விரிசல் 2019-லேயே ட்ரோன் படத்தில் பதிவாகியிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. அதனால் இதே மாதிரி இணைப்பு பாலத்தில் எங்கெல்லாம் இருக்கிறதோ அத்தனையையும் கையெட்டும் தூரத்தில் போய்ப் பாருங்கள்.

ட்ரில் போடும்போது விழும் இரும்புச் சுருளைத் தூக்கி எறியாதீர்கள். லேபில் கார்பன், கந்தகம், பாஸ்பரஸ் அளவு பார்த்துவிட்டால், இந்த ஸ்டீல் வெல்டிங் தாங்குமா என்று ஒப்பந்தக்காரரோடு வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்காது.