ஓடும் ஆற்றில் மின்சாரம் எடுக்கலாமா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சிக்கு அருகே கன்னடியன் கால்வாய்க் கரையில் எங்களுக்கு வாழைத் தோட்டம் இருக்கிறது. அணை எதுவும் கட்டாமல், ஓடுகிற தண்ணீரிலேயே சிறிய டர்பைனை இறக்கி மின்சாரம் எடுக்கலாம் என்கிறார்கள். காவல் குடிசைக்கு விளக்கும் 5 குதிரைத்திறன் மோட்டாரும் அதில் ஓடுமா?

பதில்: விளக்கு எரியும், மோட்டார் ஓடாது.

பாபநாசத்தில் 1944 முதல் மின்சாரம் எடுத்து வருவது, உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கும் நீரின் விசையைக் கொண்டு. உங்கள் கால்வாயில் விழுவதற்கு உயரம் கிடையாது, ஓட்டம் மட்டுமே உண்டு. அந்த ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால் கிடைக்கும் மின்சாரம் எட்டு மடங்காகும். பாதியாகக் குறைந்தால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீருக்குக் குறுக்கே 1 சதுர மீட்டர் பரப்புள்ள சக்கரத்தை வைத்தால், அதனூடே செல்லும் நீரின் ஆற்றல் ஏறத்தாழ 500 வாட். அதில் 59 விழுக்காட்டுக்கு மேல் எந்தச் சக்கரமும் எடுக்க இயலாது என்பது கணக்கால் நிறுவப்பட்ட எல்லை. சிறிய டர்பைன் 30 விழுக்காடு எடுத்தாலே அதை நல்ல டர்பைன் என்று சொல்லலாம். ஆக, கைக்கு வருவது 150 வாட். உங்கள் மோட்டாருக்கோ 3,700 வாட்டுக்கு மேல் வேண்டும்.

ஆனாலும் 150 வாட்டை அற்பமென்று தள்ளிவிட வேண்டாம். இரவும் பகலும் தண்ணீர் ஓடுவதால் ஒரு நாளைக்கு 3.6 யூனிட் சேரும். நம் பக்கத்து வெயிலில் 1 கிலோவாட் சூரியத் தகடு தருவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

எதையும் விலை பேசுவதற்கு முன் வேகத்தை அளந்துவிடுங்கள். கரையோரம் 10 மீட்டர் நீளத்துக்குக் கயிறு பிடித்து, மட்டை உரிக்காத பச்சைத் தேங்காய் ஒன்றை நடு ஓட்டத்தில் விட்டு நேரம் பாருங்கள். தேங்காயின் பெரும்பகுதி நீருக்குள் அமிழ்ந்து மிதப்பதால் காற்று அதை எளிதில் தள்ளாது. 10 நொடியில் கடந்தால் வேகம் நொடிக்கு 1 மீட்டர். 20 நொடி ஆனால், மேலே சொன்ன 150 வாட் 19 வாட்டாகச் சுருங்கிவிடும். அதற்கு டர்பைன் வாங்குவது வீண் செலவு. கார், பிசானம் என்ற இரு நெல் பருவங்களிலும் ஒவ்வொரு முறை அளப்பது நல்லது.

கேள்வி: பழைய காரில் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரை இதற்குப் பயன்படுத்தலாமா?

பதில்: பலரும் முதலில் அதைத்தான் தேடுகிறார்கள். 1 மீட்டர் விட்டமுள்ள சக்கரம் அந்த ஓட்டத்தில் நிமிடத்துக்கு 20 முதல் 40 சுற்று வரைதான் சுழலும். ஆல்டர்னேட்டருக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் வேண்டும். இடையில் பெல்ட்டும் கப்பியும் வைத்து வேகத்தைக் கூட்டினால், உள்ள 150 வாட்டில் கணிசமான பங்கை அவையே தின்றுவிடும். குறைந்த சுற்றிலேயே மின்சாரம் தரும் நிலைக்காந்த ஜெனரேட்டர்தான் ஏற்றது.

கேள்வி: கால்வாயை விட்டு, தாமிரபரணியிலேயே மிதவை கட்டி வைத்தால் என்ன?

பதில்: ஆற்றானாலும் கால்வாயானாலும் நீர்வளத்துறையின் அனுமதி இன்றி எதையும் இறக்கக் கூடாது. கால்வாயின் குறுக்கே சக்கரம் நின்றால் மேலே நீர் மட்டம் ஏறும், கீழே ஓட்டம் தளரும். கடைமடைக்காரர்கள் கேள்வி கேட்பார்கள், கேட்பதும் நியாயமே.

ஆற்றில் பெரிய தொல்லை மின்சாரம் பற்றியதே அல்ல. மிதந்து வரும் அமலைச் செடியின் (ஆகாயத்தாமரை) வேர்க்கொத்தும், படித்துறைகளில் விட்டுச் செல்லும் பழைய வேட்டி சேலைகளும் சக்கரத்தின் தண்டில் சுற்றிக்கொள்ளும். நனைந்த சேலை ஒன்று போதும், சக்கரம் நின்றுவிடும். முன்னால் சாய்வாக ஒரு கம்பித் தடுப்பு வைத்தால் குப்பை ஒரு பக்கமாக ஒதுங்கும், ஆனால் அதையும் நாள்தோறும் ஒருவர் வாரி எடுக்க வேண்டும். மிதவையைக் கரைக்கு இழுத்து ஏற்றும் வசதியும் கட்டாயம் தேவை: 2023 டிசம்பரில் வந்ததைப் போன்ற வெள்ளத்துக்கு எந்த நங்கூரமும் தாங்காது. குறுக்குத்துறை முருகன் கோயிலையே மூழ்கடிக்கும் ஆறு இது.

பங்குனி, சித்திரையில் கால்வாய் அடைபட்டால் டர்பைனும் ஓய்ந்து நிற்கும். வெயில் கொளுத்துவதும் அந்த மாதங்களில்தான் என்பதால், குடிசைக் கூரையில் சிறிய சூரியத் தகடு ஒன்றை வைத்து, அதையும் டர்பைன் மின்சாரத்தைச் சேமிக்கும் அதே பேட்டரியோடு, அளவுக்கு மேல் மின்சாரம் ஏறாமல் காக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் வழியாக இணைத்துக்கொள்ளலாம்.