யாருடைய வழக்கு?

வணக்கம் சார். என் அக்கா மகனுக்கு டவுன் சிண்ட்ரோம், வயது ஒன்பது. ஸ்கேனில் யாரும் சொல்லவில்லை. இதே போன்ற ஒரு பிள்ளையின் பேரில் சிங்கப்பூரில் போட்ட வழக்கை 2005இல் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை என்று படித்தேன். "பிறந்தது உனக்கு நஷ்டமில்லை" என்று சொல்லிவிட்டால் செலவை யார் பார்ப்பது?
ஒரு வாசகி, ஈசூன்

அன்புள்ள வாசகிக்கு,

பிள்ளை கேட்பதும் தாய் கேட்பதும் வேறு வேறு வழக்குகள். நஷ்ட ஈடு என்பது, தவறு நடக்காமல் இருந்திருந்தால் நீ எப்படி இருந்திருப்பாய் என்று பார்த்து அந்த வித்தியாசத்தைக் கொடுப்பது. டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணமான கூடுதல் குரோமோசோமை டாக்டர் வைக்கவில்லை. அவர் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தால் பையன் நலமாகப் பிறந்திருக்க மாட்டான், பிறந்தே இருக்க மாட்டான். பிறக்காமல் இருப்பதற்கு என்ன விலை போடுவது? பிரிட்டனில் 1982இலும் ஆஸ்திரேலியாவில் 2006இலும் நீதிமன்றங்கள் இந்த இடத்தில்தான் நின்றுவிட்டன. கணக்காக எனக்கும் இது சரியென்றே படுகிறது.

தாய் தன் சார்பில் கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம். ஆனால் சாட்சிக் கூண்டில் நின்று, "தெரிந்திருந்தால் கலைத்திருப்பேன்" என்று அவர் சொல்ல வேண்டிவரும். இங்கே சிங்கப்பூரில் பொதுவாக 24 வாரம் வரை சட்டம் அனுமதிக்கிறது. அதற்குள் தெரிந்திருக்கும், அப்படியே செய்தும் இருப்பேன் என்று நிறுவ வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா? "உண்மையாகவா? இப்போதும் அப்படித்தான் நினைக்கிறீர்களா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்பார். வளர்க்கப் பணம் வேண்டுமென்றால் வளர்த்திருக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும். எனக்குப் பொறுக்காதது இதுதான், பிறந்ததையும் பிறக்காததையும் எடைபோடும் அந்தத் தராசுக் கணக்கு அல்ல.

பிரான்ஸில் 2000இல் உச்ச நீதிமன்றம் பிள்ளையே ஈடு கேட்கலாம் என்றது. மாற்றுத்திறனாளி அமைப்புகள் கொதித்தன, ஸ்கேன் டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2002 மார்ச்சில் நாடாளுமன்றம் அதற்கு முடிவுகட்டியது: பிறந்ததையே நஷ்டமாக யாரும் காட்ட முடியாது, குறைபாட்டால் வரும் செலவைச் சமூகம் ஏற்க வேண்டும். நடைமுறையில் அது எவ்வளவு கைக்கு வருகிறது என்பது வேறு கதை. இருந்தாலும் என் ஓட்டு அந்தப் பக்கம்தான். டாக்டர் தவறே செய்யாத வீட்டுப் பிள்ளைக்கும் அதே தெரபிதானே வேண்டும்? வழக்கு ஜெயித்த வீட்டுக்கு மட்டும் பணம் என்றால் அது லாட்டரி.

அக்கா நிஜமாகவே வழக்கை யோசிக்கிறாரென்றால் முதலில் காலவரம்பைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள், ஒன்பது வருடம் ஆகிவிட்டது. அப்புறம், பையன் ஹாலில் இருக்கும்போது இதைப் பேச வேண்டாம்.