எஸ்எஸ்எச் வழியாக இயக்கும் நிரல் 'கேன்ட் ஓப்பன் டிஸ்ப்ளே' என்று நின்றுவிடுகிறதே, என்ன செய்வது?

தொலைவிலுள்ள லினக்ஸ் கணினிக்குள் எஸ்எஸ்எச் (மறையாக்கத்தோடு தொலைக் கணினியில் நுழையும் முறை) வழியாக நுழைந்து வரைகலை நிரல் ஒன்றை இயக்கினால் இந்தப் பிழை வருகிறது என்றும், எந்தத் திரையில் காட்டுவது என்று நிரலுக்குச் சொல்லும் டிஸ்ப்ளே என்ற சூழல் மாறியில் ':0' என்று நீங்களே கொடுத்துப் பார்த்தும் பயனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிழைச் செய்தியின் கடைசியிலுள்ள முக்காற்புள்ளிக்குப் பின்னால் என்ன வருகிறது என்பதை முதலில் கவனியுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் மாறி காலியாக இருக்கிறது. ஏதேனும் ஒரு முகவரி இருந்தால், அந்த முகவரியை நிரலால் எட்ட முடியவில்லை, அல்லது எட்டியும் உள்ளே விடப்படவில்லை. இவை வெவ்வேறு கோளாறுகள் என்பதால், கண்ணில் பட்ட கட்டளைகளையெல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும், 1987-இல் வெளியான எக்ஸ் 11 அமைப்பில், திரையையும் விசைப்பலகையையும் கையில் வைத்திருப்பதுதான் சர்வர். அதாவது அது உங்கள் முன்னாலிருக்கும் கணினியில் ஓடுகிறது, தொலைவிலுள்ள நிரல்தான் கிளையன்ட். ஆகவே ':0' என்று அங்கே கொடுத்தால் நிரல் அந்தக் கணினியின் சொந்தத் திரையைத் தேடுமே தவிர, உங்கள் திரையைத் தேடாது. உங்கள் ஐபி முகவரியைச் சேர்த்துக் கொடுத்தாலும் பெரும்பாலும் பலிக்காது, பரவலாகப் பயன்படும் எக்ஸ்.ஆர்க் சர்வர் 1.17 பதிப்பிலிருந்து வலையமைப்பு வழியாக வரும் டிசிபி இணைப்புகளை இயல்பாக ஏற்பதில்லை. ஏற்கும்படி மாற்றலாம்தான், ஆனால் அந்த வழியில் செல்லும் எதுவும் மறையாக்கம் செய்யப்படுவதில்லை என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எனவே மாறியை நீங்கள் தொடவே வேண்டாம். எஸ்எஸ்எச் கட்டளையில் பெரிய எழுத்து எக்ஸ் தெரிவைச் சேர்த்து நுழையுங்கள்; நிரலின் சாளரம் எஸ்எஸ்எச் இணைப்பு வழியாகவே உங்கள் திரைக்கு வரும், இதைத்தான் எக்ஸ் 11 வழிமாற்றம் என்கிறோம் (சிறிய எழுத்து எக்ஸ் இதற்கு நேர்மாறாக, வழிமாற்றத்தை நிறுத்திவிடும்). எல்லாம் சரியாக இருந்தால் மறுமுனையில் மாறியின் மதிப்பு 'லோக்கல்ஹோஸ்ட்:10.0' என்பதுபோல் தானாகவே அமைந்திருக்கும்; அந்தப் பத்து என்பது மறுமுனையின் 6010-ஆம் போர்ட்டைக் குறிக்கிறது. அப்போதும் காலியாகவே இருந்தால், தொலைக் கணினியின் எஸ்எஸ்எச் சர்வர் அமைப்புக் கோப்பில் எக்ஸ் 11 வழிமாற்றம் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்ததாக, திரையை அணுகும் அனுமதிகளைக் கையாளும் எக்ஸ்ஆத் என்ற சிறு நிரல் அங்கே நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தபட்சப் பொதிகளோடு நிறுவிய கணினிகளில் இது இருப்பதில்லை. என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட சிக்கல்கள் இதோடு தீர்ந்துவிடுகின்றன.

முகவரி சரியாக இருந்தும் 'ஆதரைசேஷன் ரிக்வயர்ட்' அல்லது 'நோ புரோட்டோகால் ஸ்பெசிஃபைட்' என்று வந்தால், இணைப்பு சர்வர் வரை போய்விட்டது, அனுமதிச் சீட்டுதான் இல்லை. அந்தச் சீட்டு 128 பிட் நீளமுள்ள ஒரு குக்கி, அதாவது ஒரு ரகசிய எண். எக்ஸ்ஆத் நிரலைப் பட்டியலிடச் சொன்னால், ஒவ்வொரு வரியிலும் டிஸ்ப்ளேயின் பெயர், 'எம்ஐடி மேஜிக் குக்கி 1' என்ற முறையின் பெயர், அதன்பின் 32 பதினறும இலக்கங்கள் தெரியும். சூடோ கட்டளை வழியாக வேறு பயனராக மாறியபின் இந்தப் பட்டியல் காலியாக வந்தால், குக்கி பழைய பயனரின் கோப்பிலேயே தங்கிவிட்டது என்று பொருள். எக்ஸ்அத்தாரிட்டி மாறியில் அந்தக் கோப்பின் பாதையைக் கொடுத்தால் ரூட் பயனரால் பொதுவாக அதைப் படித்துக்கொள்ள முடியும். ஹோம் அடைவில் இடம் தீர்ந்துபோயிருந்தாலும் குக்கியை எழுத முடியாமல் இதே பிழை வரும். யாரும் சந்தேகப்படாத காரணம் இது.

இந்தக் கட்டத்தில் பலர் 'எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்' கட்டளையைப் போடச் சொல்வார்கள். அது அணுகல் கட்டுப்பாட்டையே முழுதாக நீக்கிவிடும். அதன்பின் இணையக்கூடிய எந்த நிரலும் நீங்கள் தட்டும் கடவுச்சொல் உட்பட அனைத்தையும் கவனிக்க முடியும். வேலை நடக்கிறது என்பதற்காக அதை ஏற்க வேண்டாம்.

இணைப்பு அறுந்தாலும் முனையத்தை ஓடவைக்கும் டிமக்ஸ் நிரலின் அமர்வுக்குள் மட்டும் பிழை வருகிறதென்றால், அமர்வு தொடங்கியபோதிருந்த டிஸ்ப்ளே மாறியின் பழைய மதிப்பு அந்த ஷெல்லில் அப்படியே நிற்கிறது. வெளியே உள்ள புதிய மதிப்பை அங்கே எடுத்துக் கொடுத்தால் போதும். திறந்த சாளரங்கள் ஓடிக்கொண்டிருக்க, சுமார் இருபது நிமிடங்களுக்குப் பிறகு புதிய சாளரம் மட்டும் மறுக்கப்பட்டால், அது நம்பகமற்ற வழிமாற்றத்துக்கு (தொலை நிரல்களுக்கு உங்கள் திரையில் முழு உரிமை தராத வகை) ஓப்பன்எஸ்எஸ்எச் என்ற எஸ்எஸ்எச் மென்பொருள் வைத்திருக்கும் காலவரம்பு. கிளையன்ட் அமைப்பில் அந்த வரம்பை உயர்த்திக்கொள்ளலாம், அல்லது தொலைக் கணினியை முழுதாக நம்புகிறீர்கள் என்றால் மட்டும் முழு உரிமை தரும் பெரிய எழுத்து ஒய் தெரிவோடு நுழையலாம்.