ஜிம் ஜக்குசியில் உட்கார்ந்தேன், இடுப்பைச் சுற்றிக் கொப்புளம்

கேள்வி: ஓசூரில் நான் போகும் ஜிம்மில் புதிதாக ஜக்குசி, அதாவது காற்றுக் குமிழி பீய்ச்சும் வெந்நீர்த் தொட்டி, வைத்திருக்கிறார்கள். ஞாயிறு மாலை ஆறேழு பேரோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை இடுப்பு, தொடை, பின்புறம் எல்லாம் அரிப்போடு சிவப்புக் கொப்புளங்கள். சிலவற்றின் நுனியில் சீழ். யாருக்கோ இருந்த தோல் வியாதி தொற்றிக்கொண்டதா? குளோரின் நெடி பலமாகத்தான் இருந்தது, அதனால் தண்ணீர் சுத்தம் என்று நினைத்தேன். மெடிக்கலில் ஒரு களிம்பு கொடுத்திருக்கிறார்கள், போடலாமா? மனைவிக்கு இது இரண்டாம் மாதம். அவரும் வர ஆசைப்படுகிறார்.

பதில்: நீங்கள் சொல்லும் நாள் கணக்கும் இடமும் ஒன்றைத்தான் காட்டுகின்றன. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா மயிர்க்கால்களுக்குள் புகுந்து உண்டாக்கும் அழற்சி இது. தண்ணீரில் இறங்கிய சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் கிளம்பும். ஈர ஷார்ட்ஸ் உடம்போடு ஒட்டியிருந்த இடத்தில்தான் அதிகம் வரும், ஏனென்றால் அந்தத் துணி கிருமியைத் தோலோடு அழுத்தி வைத்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தவரின் வியாதி உங்களுக்கு வரவில்லை. கிருமி தண்ணீரிலும் குழாயிலுமே வளர்ந்திருக்கிறது. உங்களிடமிருந்து வீட்டில் யாருக்கும் இது பரவுவதும் கிடையாது.

இதைப் படர்தாமரை என்றோ சிரங்கு என்றோ எடுத்துக்கொள்ள வேண்டாம். படர்தாமரை வட்டமாக, ஓரம் தடித்து, வாரக்கணக்கில் மெல்லப் பரவும். சிரங்கு விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் ஆரம்பித்து ராத்திரி அரிப்பைக் கூட்டும், வீட்டில் இன்னொருவரும் சொறிவார். உங்களுக்கு வந்திருப்பது ஒரே நேரத்தில் கிளம்பி, ஏழு முதல் பத்து நாளில் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

அதுவரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம், தளர்ந்த பருத்தித் துணி போதும். ஒரு பங்கு வெள்ளை வினிகரை நான்கு பங்கு தண்ணீரில் கலந்து, சுத்தமான துணியை நனைத்து, பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். நாளைக்கு இரண்டு முறை. அரிப்புக்குக் காலமைன் லோஷன் தடவலாம். தூக்கம் கெட்டால் இரவில் செட்டிரிசின் 10 மி.கி. ஒன்று போட்டுக்கொள்ளலாம். கொப்புளத்தைக் கிள்ள வேண்டாம், அது ஆறும்வரை அந்த இடத்தில் ஷேவிங்கும் வேண்டாம். அன்று போட்டிருந்த ஷார்ட்ஸை சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவையுங்கள்.

அந்தக் களிம்பை மட்டும் தொடாதீர்கள். அட்டையில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது ஸ்டீராய்டின் பெயர் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒரே டியூபில் அடைத்து விற்கும் இந்தக் கலவைகள்தான் நம் ஊர்த் தோல் நோய்களைப் பாதி கெடுத்து வைத்திருக்கின்றன. முதல் இரண்டு நாள் அரிப்பு அடங்கியது போல இருக்கும். கிருமிக்கு அது சௌகரியம். அமாக்ஸிசிலின் வாங்கிப் போடுவதும் வீண். சூடோமோனாஸிடம் அது எடுபடாது. காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, பத்து நாளாகியும் ஆறாத கொப்புளம், காதுவலி, இவற்றில் ஒன்று இருந்தாலும், உங்களுக்குச் சர்க்கரை வியாதி இருந்தாலும், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் சீழை எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பி, கேட்கும் மருந்தைத் தருவார்.

இனி அந்த நெடி. நல்ல குளோரின் தண்ணீரில் மூக்கைத் துளைக்கும் வாசனை இருக்காது. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்தால் குளோரமின் உண்டாகிறது. கண்ணை எரிக்கும் நெடி அதனுடையது. அப்படியென்றால் அங்கே போட்ட குளோரின் கிருமியைக் கொல்லாமல் மனிதர்களின் அழுக்கோடு மல்லுக்கட்டித் தீர்ந்துகொண்டிருந்தது. நீச்சல் குளத்தைவிட ஜக்குசியில் இது பல மடங்கு வேகமாக நடக்கும். 1,500 லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொண்டால், அதில் ஆறு பேர்! போதாததற்குச் சூடும் காற்றுக் குமிழியும் குளோரினை விரட்டிக்கொண்டே இருக்கின்றன.

பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் இருந்தால் குடிக்கச் சரி. அந்தக் கணக்கு ஜக்குசிக்கு ஆகாது. இங்கே குறைந்தது 3 மில்லிகிராம் வேண்டும், குளோரினுக்குப் பதில் புரோமின் போட்டால் 4. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7-க்கும் 7.8-க்கும் இடையில் நிற்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து போர் தண்ணீர் சிக்கல் தருவது இங்கேதான். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் குடிக்க வருகிறது. தொட்டியை நிரப்ப பெரும்பாலும் போர்தான். உப்புத் தண்ணீரில் காற்றை அடிக்க அடிக்கக் கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறும். 7.5-ல் குளோரினில் பாதிதான் கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 8-க்குப் போனால் ஏறக்குறைய கால் பங்கு. ஹீட்டரிலும் குழாயிலும் சுண்ணாம்பு படிந்து, அதன்மேல் வழவழப்பான ஏடு கட்டும். கிருமிகள் அதற்குள் பதுங்கிக்கொள்கின்றன. பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போட்டால் சுண்ணாம்பு இன்னும் கூடத்தான் செய்யும். (போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். குளிப்பதால் அது பல்லையும் எலும்பையும் பாதிக்காது, குடித்தால்தான்.)

இறங்குமுன் நீங்களே பார்த்துவிடலாம். நீச்சல் குளத்துக்கான டெஸ்ட் ஸ்ட்ரிப் ஆன்லைனில் கிடைக்கிறது. தண்ணீர் பீய்ச்சும் வாயிலிருந்து தள்ளி, முழங்கை ஆழத்தில் முக்கியெடுத்து, டப்பாவில் போட்டிருக்கும் நொடிக் கணக்குப்படி நிறத்தை ஒப்பிடுங்கள். டப்பாவை உடனே மூடுங்கள், ஈரம் பட்டால் மீதி ஸ்ட்ரிப் பொய் சொல்லும். ஸ்ட்ரிப் இல்லையென்றால் சுவரைத் தடவிப் பாருங்கள். வழுக்கினால் திரும்பிவிடுங்கள். அடியில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும், உடையாமல் இருக்க வேண்டும்; அந்த உறிஞ்சலில் நீள முடி சிக்கினால் தலையைத் தூக்க முடியாது. ஜெட்டை நிறுத்திய பிறகும் நுரை நிற்கிறதென்றால் எண்ணெயும் சோப்பும் சேர்ந்துவிட்டன என்று பொருள். தண்ணீர் எப்போது மாற்றினீர்கள் என்று மேலாளரிடம் கேளுங்கள். 1,500 லிட்டர் தொட்டி சுமார் 130 பேருக்குத்தான் தாங்கும். நாளைக்கு இருபது பேர் என்றால் வாரத்துக்கு ஒருமுறை முழுக்க வடித்து, தேய்த்துக் கழுவி நிரப்ப வேண்டும்.

மீதிப் பொறுப்பு இறங்குபவர்களுடையது. டிரெட்மில்லிலிருந்து நேராகத் தொட்டிக்குள் குதிப்பவர்தான் அங்கே முதல் குற்றவாளி. சோப்புப் போட்டு ஒரு நிமிடமாவது ஷவரில் நின்று, அக்குள், இடுக்கு, பின்புறம் கழுவிவிட்டு வர வேண்டும். தலையில் தேங்காய் எண்ணெய், உடம்பில் பவுடர், தசைவலிக்குத் தடவிய தைலம் எதுவும் தண்ணீரில் கரையக் கூடாது. எண்ணெய்க் குளியலன்று ஜக்குசியே வேண்டாம். பருத்தி பெர்முடா, லுங்கியின் நூல் தூசு ஃபில்டரை அடைக்கும். நைலான் நீச்சல் உடை நல்லது. அன்று காலை ஷேவ் செய்த தோலோடும், ஆறாத புண்ணோடும் இறங்காதீர்கள். வயிற்றுப்போக்கு இருந்தவர் நின்ற பிறகும் இரண்டு வாரம் தள்ளியிருக்க வேண்டும், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினில் நாள்கணக்கில் சாகாது. தலையை முக்குவதும் வாய் கொப்பளிப்பதும் கூடவே கூடாது. இதை அடுத்தவரிடம் நேரடியாகச் சொன்னால் சண்டையில் முடியும். ஷவர் கட்டாயம் என்று ஒரு பலகை மாட்டச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள், அது அவர்கள் வேலை.

மார்கழிக் குளிரில் ஓசூரில் வெந்நீரை விட்டு எழ மனம் வராது, ஆனாலும் 40 டிகிரியில் பதினைந்து நிமிடம் போதும். அதற்கு மேல் ரத்த அழுத்தம் இறங்கி, எழும்போது தலை சுற்றும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் மது அருந்தியவர்களும் விழுவது இதனால்தான். காலில் மதமதப்பு உள்ள சர்க்கரை நோயாளிக்குச் சூடு உறைக்காது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளை இறக்கவே வேண்டாம்.

உங்கள் மனைவி வர வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் தாயின் உடல் வெப்பம் 39 டிகிரியைத் தாண்டினால் குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாவதில் குறை ஏற்படும் ஆபத்து கூடுகிறது. வீட்டில் வெதுவெதுப்பான நீரில் குளிப்பதற்குத் தடையில்லை.

இன்னொன்று. ஜக்குசிக்கு மேலே எழும் நீராவித் துளியில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா இருந்தால் நுரையீரலைப் பிடிக்கும், குறிப்பாக ஐம்பது வயதைத் தாண்டியவர்களையும் புகைப்பவர்களையும். அடுத்த இரண்டு வாரத்துக்குள் உங்களுக்கோ கூட உட்கார்ந்த யாருக்கோ காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போய், ஜக்குசியில் உட்கார்ந்ததைத் தேதியோடு சொல்லுங்கள். சொன்னால்தான் அதற்கான சிறுநீர்ப் பரிசோதனையை எழுதத் தோன்றும்; சாதாரண நிமோனியாவுக்கு முதலில் கொடுக்கும் சில ஆன்டிபயாடிக்குகள் இந்தக் கிருமியிடம் வேலை செய்வதில்லை.