பூனைக்குட்டியின் மணல் தட்டம்: குட்டியின் மூக்கைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: கொக்குவிலில் ஒரு வாடகை வீட்டின் மேல்மாடியில் இருக்கிறோம். மழைக்குள் வாய்க்காலில் கிடந்த இரண்டு பூனைக்குட்டிகளை எடுத்து வளர்க்கிறோம். இப்போது ஏழு வாரம் இருக்கும். றோட்டுக்கரை வீடு என்பதால் வெளியே விடப் பயம். மூடி போட்ட தட்டமும் வாசனை மணலும் கடையில் வாங்கி வைத்தோம். ஒரு குட்டி அதற்குள் போகிறது. மற்றது கட்டிலுக்குக் கீழே போகும், இல்லாவிட்டால் அம்மாவின் பாயில். ஒவ்வொரு நாளும் டெட்டோல் போட்டுத்தான் கழுவுகிறேன், ஆனாலும் வீடு மணக்கிறது. அழுக்கு மணலைக் கீழே கிணற்றடி வாழைக்குப் போடுகிறோம். தங்கச்சி பிள்ளைப்பேற்றுக்கு வந்து நிற்கிறாள். பூனை அவளுக்கு ஆபத்து, கொண்டுபோய் விடுங்கள் என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: குட்டிகளைக் கொண்டுபோய் விட வேண்டாம். ஆனால் டெட்டோலை இன்றைக்கே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் ஒரு கிழமைக்குள் ஆறுதலாகச் செய்யலாம், இது மட்டும் உடனே.

டெட்டோல், கறுப்புப் பினைல் போன்றவற்றில் இருக்கும் பீனோல் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. குட்டி அதைக் குடிக்க வேண்டும் என்றில்லை. சரியாக அலசாத தட்டத்தில் மிதித்துவிட்டு வந்து, கட்டிலில் இருந்து பாதத்தை விரல் விரலாக நக்குமே, அதுவே போதும். அந்த நச்சு உடலில் சேர்ந்துகொண்டே போகும். இன்னொரு சங்கதியும் இருக்கிறது. தட்டம் காய்ந்த பிறகு நமக்கு டெட்டோல் மணம் தெரியாது, பூனைக்குத் தெரியும். நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான மூக்கு அதற்கு. உங்கள் இரண்டாவது குட்டி கட்டிலடிக்குப் போவதற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம்.

மீதிப் பாதி, மூடியும் வாசனையும். மூடி போட்ட தட்டம் மனிதரின் கண்ணுக்காகச் செய்த சாமான். உள்ளே இருப்பது நமக்குத் தெரியாது, அதனால் அள்ளவும் மறந்துவிடுகிறோம். யாழ்ப்பாணத்து வெக்கையில் அந்தப் பெட்டிக்குள் சிறுநீரிலிருந்து கிளம்பும் அமோனியா வெளியேற வழியில்லாமல் நிற்கும். அதன் மேல் ரோஜா வாசனை மணல். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மூக்கு இருக்கிற குட்டி அதற்குள் நுழைய வேண்டும். பூட்டிக் கிடந்த பொதுக் கக்கூசுக்குள் ஊதுபத்தி கொளுத்தி வைத்தால் நாம் விரும்பிப் போவோமா?

நான் மிருக வைத்தியராக வேலை செய்யும் இத்தனை வருடத்தில், “இந்தக் குட்டி பிடிவாதம், வேண்டுமென்றே பாயில் போகிறது” என்று சொல்லிக் கொண்டுவந்தவர்கள் நிறையப் பேர். பிடிவாதம் பிடித்த குட்டி ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. தோண்டக்கூடிய உலர்ந்த மண், சுற்றிலும் பார்க்க வெளிச்சம், பயம் வந்தால் ஓட வழி, இந்த மூன்றும் அதற்கு வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வேறு இடம் தேடும். தட்டத்துக்குள் போகும் உங்கள் முதல் குட்டியையும் ஒரு தரம் கவனித்துப் பாருங்கள். நன்றாக மணந்து பார்த்து, சுற்றி வந்து, குழி தோண்டி, இருந்து முடித்து, திரும்பி நின்று மூடினால் அதற்கு இடம் பிடித்திருக்கிறது. முன்னங்கால் இரண்டையும் தட்டத்தின் விளிம்பில் வைத்துக்கொண்டு, முடிந்தவுடன் மூடாமல் பாதத்தை உதறிக்கொண்டு பாய்ந்து ஓடினால், வேறு வழியில்லாமல்தான் சகித்துக்கொண்டு போகிறது. அதுவும் இன்னும் சில நாளில் பாய்க்கு வந்துவிடும்.

சரி, எந்தத் தட்டம் நல்லது? மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு இருப்பதையே பாவிக்கலாம். ஆனால் வாசல் விளிம்பின் உயரத்தை அளந்து பாருங்கள். ஏழு வாரக் குட்டிக்கு 5, 6 சென்ரிமீற்றருக்கு மேல் கூடாது. அவசரத்துக்கு ஓடி வரும்போது ஏற முடியாவிட்டால் வாசலிலேயே போய்விடும். இப்போதைக்கு ஒரு சுளகு அளவு இடம் போதும். நாலைந்து மாதத்தில் இந்தத் தட்டம் சிறிதாகிவிடும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை எவ்வளவோ அதன் ஒன்றரை மடங்கு நீளம் தட்டத்துக்கு வேண்டும் என்பது கணக்கு. வளர்ந்த பூனைக்கு அது 60, 70 சென்ரிமீற்றர் வரும். கடைகளில் பூனைத் தட்டம் என்று விற்பவை பெரும்பாலும் இதற்குக் காணாது. நான் சொல்லுவது, உடுப்பு அடுக்கி வைக்கும் பெரிய பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்தை மட்டும் தாழ வெட்டி வாசலாக்குங்கள். வெட்டிய விளிம்பை நன்றாகத் தேய்த்து ரேப் ஒட்டாமல் விடாதீர்கள், குட்டியின் வயிற்றுத் தோல் மிக மெல்லியது. மற்ற மூன்று பக்கமும் உயரமாக இருப்பதால் மணலும் வெளியே சிந்தாது.

எத்தனை தட்டம் என்றால், பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டுங்கள். உங்களுக்கு மூன்று. மேல்மாடி வீட்டில் இது பெரிய தொகையாகத் தெரியும் என்று எனக்கு விளங்குகிறது. குறைந்தது இரண்டு தட்டமாவது வைத்தே ஆக வேண்டும், அதுவும் வெவ்வேறு அறைகளில். பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு தட்டத்தைப் பூனை ஒன்றாகத்தான் எண்ணும். சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். உடுப்புத் தோய்க்கும் மெசின் பக்கமும் வேண்டாம், அது உதறத் தொடங்கும் நேரத்தில் குட்டி உள்ளே இருந்தால் ஆயுளுக்கும் அந்தப் பக்கம் போகாது.

இனி மணல். இதில்தான் ஆட்கள் கூடுதலாகக் காசை விடுகிறார்கள்.

கடையில் கிடைக்கும், நனைந்தால் கட்டியாகிற களிமண் மணல் வளர்ந்த பூனைக்கு மிக வசதி. அள்ளுவது சுகம். குட்டிகளுக்கு நாலு மாதம் ஆகும்வரை அது வேண்டாம். இந்த வயதுக் குட்டி எதையும் வாயில் வைத்துப் பார்க்கும். வயிற்றுக்குள் போன அந்தக் களிமண் ஈரத்தை உறிஞ்சி ஊதிக் குடலை அடைக்கக்கூடும். கட்டியாகாத, வாசனை இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். மரத்தூளை இறுக்கிச் செய்த சிறு உருளைகள் கிடைத்தால் அதுவும் நல்லது.

நம் ஊரில் கிடைப்பவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் கூடுதலாகப் பரிந்துரைப்பது தேங்காய்த் தும்புத்தூள், பூக்கன்றுச் சாடிக்குப் போடுவதற்கு விற்கிறார்களே, அதுதான். அது தன் எடையைவிடப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும், மணத்தையும் ஓரளவு அடக்கும், பாதத்துக்கும் மெதுமை. உரம் எதுவும் கலக்காததாகப் பார்த்து வாங்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். குறை என்னவென்றால் பாதத்தில் ஒட்டி வெள்ளை மாபிளெல்லாம் மண்ணிறமாகும். தட்டத்தின் வாசலில் பழைய சாக்கோ கால்மிதியோ போட்டால் பாதி குறையும். வீடு கட்டி மிஞ்சிய ஆற்றுமணல் கிடந்தால் அரித்துக் கழுவிக் காயவைத்துப் பாவிக்கலாம். தோண்டுவதற்கு அதைப்போல் பூனைக்குப் பிடித்தது இல்லை, ஆனால் நீரை உறிஞ்சாது, அடியில் தேங்கும், அடிக்கடி மாற்ற வேண்டும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் துண்டும் இருக்கும், அதை விடுங்கள். உமி மலிவுதான், ஆனால் சோளகக் காற்றுத் தூக்கும் காலத்தில் வீடு முழுக்கப் பறக்கும். ஆலை மரத்தூளின் நுண்தூசி குட்டியின் நெஞ்சுக்குக் கூடாது. அடுப்புச் சாம்பலை ஒருபோதும் போடாதீர்கள். முந்தி அப்படித்தானே செய்தோம் என்று அம்மா சொல்லலாம். நனைந்த சாம்பல் காரமாகிப் பாதத்தை அரிக்கும், குட்டி அதை நக்கும்போது வாயும் புண்ணாகும். மணத்துக்கென்று பூச்சி உருண்டையோ கற்பூரமோ தட்டத்தின் பக்கத்தில் வைக்கிற வழக்கமும் உண்டு. இரண்டும் பூனைக்கு நஞ்சு.

எதைப் போட்டாலும் குட்டிக்கு 3 முதல் 5 சென்ரிமீற்றர் ஆழம் போதும். திடீரென்று ஒரே நாளில் மணலை மாற்றாதீர்கள். பழையதில் கொஞ்சம் புதியதைக் கலந்து, ஒரு கிழமைக்குள் அளவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் வீட்டு மணத்துக்கு மருந்து ஒரு கரண்டிதான். காலையும் மாலையும், ஓட்டையுள்ள கரண்டியால் கழிவை அள்ளுங்கள். நனைந்த இடத்தையும் சேர்த்து அள்ள வேண்டும். அது ஒரு நிமிட வேலை. கட்டியாகாத மணலென்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் முழுவதையும் கொட்டி மாற்ற வேண்டியிருக்கும். கிழமைக்கு ஒரு முறை தட்டத்தைச் சுடுநீரும் வாசனை குறைந்த சவர்க்காரமும் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்தால் போதும். மாரிகாலத்தில் வெயில் இல்லாவிட்டால் துணியால் ஒற்றித் துடைத்து, உலர்ந்த பிறகே மணல் போடுங்கள். தட்டத்தின் அடியில் மெல்லியதாக அப்பச்சோடா தூவலாம், அதற்கென்று மணம் இல்லாதபடியால் பூனை வெறுக்காது. சிறுநீர் ஊறிய தட்டத்தில் குளோரின் ஊற்றிக் கழுவக் கூடாது. அது அமோனியாவோடு சேர்ந்தால் வரும் ஆவி உங்கள் சுவாசத்துக்கே ஆபத்து. பிளாஸ்ரிக்கில் நகக் கீறல் விழ விழ அதற்குள் மணம் ஊறும். வருடத்துக்கு ஒரு தரமாவது தட்டத்தைப் புதிதாக்குங்கள்.

அள்ளியதை எங்கே போடுவது? கிணற்றடி வாழைக்கு வேண்டவே வேண்டாம். நம் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை, குடிப்பதும் குளிப்பதும் நிலத்தடி நீரில்தான். மேலே விழும் நீர் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளால் விரைவாக இறங்கிப் போகும், மேலே கொட்டுவது கிணற்றுக்கு வர அதிக நேரம் எடுக்காது. கீரைப் பாத்திக்கும் போடாதீர்கள். மலக்கூடத்தில் ஊற்றினால் மணல் குழாயை அடைக்கும். பையில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுப்பதே மேல்மாடியில் இருக்கிறவர்களுக்குப் பொருத்தம்.

தங்கச்சியின் விஷயத்துக்கு வருகிறேன். சொந்தக்காரர் பயப்படுவது டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. அது உண்மையான ஆபத்துத்தான். கர்ப்ப காலத்தில் முதன்முதலாகத் தொற்றினால் வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கலாம். ஆனால் அது தொற்றும் வழியைத் தெரிந்துகொண்டால் பயம் பாதியாகும். தொற்றிய பூனை பொதுவாக முதல் தடவை மட்டும், ஓரிரு கிழமைகளுக்குத்தான் முட்டைகளை மலத்தில் வெளியேற்றும். அப்படி வெளியே வந்த முட்டை தொற்றக்கூடிய நிலைக்கு வர 1 முதல் 5 நாள் எடுக்கும். நான் தினமும் இரண்டு தரம் அள்ளச் சொல்வதற்கு மணம் மட்டும் காரணமில்லை என்பது இப்போது விளங்கும். ஈர மண்ணில் அந்த முட்டைகள் ஒரு வருடத்துக்கும் மேல் உயிரோடு இருக்கும். வாழையடியில் கொட்ட வேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். தங்கச்சி தட்டத்தைத் தொட வேண்டாம், அந்த வேலை உங்களுடையது. குட்டிகளுக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள், எலி பல்லி பிடிக்கவும் விடாதீர்கள். அவள் பூனையைத் தடவலாம், மடியில் வைத்திருக்கலாம், பிறகு கையைக் கழுவினால் சரி. பாதி வெந்த இறைச்சியும் கழுவாத கீரையும் வெறுங்கையால் தோட்டம் கொத்துவதும், வீட்டுக்குள் வளரும் பூனையைத் தடவுவதைவிடக் கூடிய ஆபத்து. கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் குட்டிகள் இருப்பதை டொக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், தேவையென்றால் இரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்.

வாய்க்காலில் கிடைத்த குட்டிகள் என்றதால் இதையும் சொல்கிறேன். அவற்றின் வயிற்றில் பூச்சி இருப்பது ஏறக்குறைய நிச்சயம், வட்டப்புழு தாயின் பாலிலேயே குட்டிக்கு வந்துவிடும். எடை பார்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும், அதனால் இரண்டையும் ஒரு மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

கட்டிலடிக் குட்டிக்கு வருவோம். முதலில் அந்த இடத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். அம்மாவின் பாயை வெயிலில் போட்டாலும் மணம் ஓலைக்குள் ஊறியிருக்கும், மழை ஈரம் பட்டவுடன் திரும்பக் கிளம்பும். மனமில்லாவிட்டாலும் அந்தப் பாயை மாற்றிவிடுங்கள். பிறகு இரண்டாவது தட்டத்தைக் கட்டிலுக்குக் கீழே, அது போகும் அதே இடத்தில் வையுங்கள். அது தெரிந்தெடுத்த இடம் அதுதானே. ஒரு கிழமை ஒழுங்காகப் போனால், நாளுக்கு ஒரு சாண் வீதம் நீங்கள் விரும்பும் மூலைக்கு நகர்த்தலாம். ஒரு வீட்டுக் குட்டி சாக்கில் மட்டுமே போகும் என்று கொண்டுவந்தார்கள். அது பிறந்தது விறகு அறையில், சாக்குக் குவியலின் மேல். சாக்குத் துண்டைத் தட்டத்தில் போட்டு அதன் மேல் தும்புத்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொன்னேன். பத்து நாளில் சாக்கு தேவைப்படவில்லை. உங்கள் குட்டிக்குப் பாயின் ஓலை பிடித்திருந்தால், கழிக்கிற பாயில் ஒரு துண்டை வெட்டி இப்படியே செய்து பாருங்கள். சாப்பிட்டு முடிந்தவுடனும் நித்திரையால் எழும்பியவுடனும் தூக்கித் தட்டத்தில் விடுங்கள். அதன் காலைப் பிடித்துத் தோண்டிக் காட்டத் தேவையில்லை, உங்கள் விரலால் மணலைக் கிளறினால் சத்தத்துக்கே தானும் தோண்டும். பாயில் போனதற்காக மூக்கை அதில் தேய்ப்பதோ அடிப்பதோ வேண்டாம். அது படிப்பதெல்லாம் உங்களுக்கு ஒளித்துப் போக வேண்டும் என்பதை மட்டும்தான்.

தட்டத்தை இவ்வளவு கவனித்து அள்ளுகிறவருக்கு நோயும் முதலில் தெரியும். மலம் தண்ணீராகப் போனால் இந்த வயதுக் குட்டி ஒரே நாளில் வாடிவிடும், காத்திருக்காதீர்கள். பிற்காலத்தில் இவற்றில் ஒன்று, முக்கியமாகக் கடுவன், அடிக்கடி தட்டத்துக்குப் போய்க் குந்தி முக்கி, மணல் நனையாமல் திரும்பினால், அதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்க வேண்டாம். சிறுநீர்க் குழாய் அடைபட்ட பூனை ஓரிரு நாளில் இறந்துவிடும். இரவு எத்தனை மணியானாலும் உடனே வைத்தியரைத் தேடுங்கள்.